சென்னை – கன்னியாகுமரி: பிள்ளைகளோடு காரில் போனால் எங்கெங்கே நிறுத்தலாம்?

மொத்தம் ஏறக்குறைய 700 கி.மீ. பெரியவர்கள் மட்டும் என்றால் விடியலில் கிளம்பி இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். ஐந்து வயதுக்குள் ஒரு பிள்ளை இருந்தாலும் இரண்டு நாளாகப் பிரிப்பதுதான் சரி. அப்போது வருகிற கேள்வி, ராத்திரி தங்குவது திருச்சியா, மதுரையா?

தூரத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளையின் தூக்கத்தைப் பாருங்கள். காலை 4.30க்குக் கிளம்பினால் ஏழு மணி வரை அவர்கள் காரில் தூங்குவார்கள். அடுத்த தூக்கம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. திருச்சி சுமார் 330 கி.மீ., பன்னிரண்டு மணிவாக்கில் வந்துவிடும். பள்ளி வயதுப் பிள்ளைகள் என்றால் அங்கே சாப்பிட்டுவிட்டு, அவர்கள் கண்ணயர்கிற நேரத்தில் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் எல்லாம் தாண்டிவிடலாம். நாலு மணிக்கு மதுரை. மீனாட்சி அம்மன் கோயிலில் மதியம் சாத்திய நடையும் அப்போதுதான் திறக்கும். கைக்குழந்தை இருந்தால் திருச்சியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெடுவது எங்கே என்றால், "இன்னும் கொஞ்ச தூரம்தானே" என்று இருட்டிய பிறகும் ஓட்டுவதில். ஏழு மணிக்குக் காரிலேயே தூங்கிய பிள்ளை சாப்பிடாது. ராத்திரி ரெண்டு மணிக்குப் பசியோடு எழுந்தால் லாட்ஜில் பால்கூடக் கிடைக்காது.

—

மேலே சொன்னது சரி. முதல் நிறுத்தத்தைப் பற்றி நான் சேர்க்கிறேன். பண்டிகைக்கு முந்தின நாள் பெருங்களத்தூர் முதல் செங்கல்பட்டு வரை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு 4.30கூடத் தாமதம்தான். பிள்ளைகளை எழுப்பிக் குளிப்பாட்ட வேண்டாம், ராத்திரி உடையிலேயே தூக்கிப் படுக்க வைத்துவிடுங்கள்.

காலைச் சாப்பாடு விக்கிரவாண்டிக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவில். வாசலில் மூன்று நாலு பஸ் நிற்கிற மோட்டலைத் தாண்டிப் போய்விடுங்கள். நூறு பேர் ஒரே நேரத்தில் இறங்கியிருப்பார்கள், கழிவறை தாங்காது. குடும்பத்தோடு வந்த கார்கள் நிற்கிற இடம் பெரும்பாலும் ஏமாற்றாது. அங்கேயும் ஒருவர் மட்டும் இறங்கிக் கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து சொன்ன பிறகு பிள்ளைகளை இறக்குங்கள். பெல்ட்டைக் கழற்றிவிட்டால் திரும்பக் கட்டுவதற்குள் பத்து நிமிஷம் போய்விடும். பங்க்குகளில் பெண்கள் கழிவறை பூட்டியிருந்தால் சாவி ஆபீஸில் இருக்கும், கேட்டால் தருவார்கள்.

"அவசரம்" என்று பிள்ளை சொன்னால் ரோட்டோரத்தில் நிறுத்தாமல் அடுத்த டோல்கேட் வரை போகப் பாருங்கள். அது தாங்காது என்றால் சர்வீஸ் ரோட்டில் இறங்கிவிடுங்கள். மெயின் ரோட்டின் ஓரம் நிற்பது பகலிலேயே ஆபத்து. நடுவில் இருக்கிற அரளிப் பூவைப் பறிக்க விடாதீர்கள். இலை, பூ, காம்பு எல்லாமே விஷம்.

—

வாந்தி பத்தி யாரும் எழுதலையே! பாதி நிறுத்தம் அதுக்குத்தான் போகும். கிளம்பும்போது வயிறு நிறையப் பால் குடுக்காதீங்க, ரெண்டு பிஸ்கட் போதும். ஓடுற கார்ல மொபைல், படம் போட்ட புத்தகம் ரெண்டும் வேண்டாம். கண்ணு அசையாத ஒண்ணைப் பார்க்குது, காது ஆட்டத்தை உணருது, அந்தக் குழப்பத்துலதான் குமட்டுது. முன் கண்ணாடி வழியா ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க. மாத்திரை வேணும்னா கிளம்புறதுக்கு முன்னாடியே டாக்டரைக் கேட்டு வச்சுக்கோங்க.

மாத்துத் துணி, துண்டு, ஜிப் கவர் மூணையும் கால்மாட்டுல வைங்க. டிக்கிக்குள்ள அடியில போனா உதவாது. ஓஆர்எஸ் வாங்கினா பாக்கெட்டைப் படிங்க. 21 கிராம் பாக்கெட் முழு ஒரு லிட்டர் தண்ணிக்கு. அதை அரை லிட்டர் பாட்டில்ல கொட்டிக் குடுத்தா உப்பு அதிகமாகி நல்லதுக்குப் பதிலா கெடுதல்தான். 200 மில்லிக்குன்னு சின்ன பாக்கெட்டும் கிடைக்கும், அதுதான் பயணத்துக்குத் தோது.

—

குழந்தை இருக்கையை எந்தப் பக்கம் வைப்பது என்று பலர் யோசிப்பதில்லை. இடதுபக்கம் வையுங்கள். வண்டி ஓடுகிற பக்கம் கதவைத் திறக்காமல் ஏற்றி இறக்கலாம். ஆனால் நாம் தெற்கே போகிறோம், மதியம் வரை வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும். அதனால் இடது ஜன்னலுக்கு மறைப்பு முதலில் வாங்குங்கள். மடியில் உட்காரவைப்பது ஆபத்து மட்டுமல்ல, 14 வயதுக்குள் உள்ளவர்களுக்குப் பெல்ட்டோ குழந்தை இருக்கையோ இல்லாவிட்டால் மோட்டார் வாகனச் சட்டப்படி 1,000 ரூபாய் அபராதமும் உண்டு. வண்டி பழுதானால் நெடுஞ்சாலை உதவி எண் 1033. பிள்ளைகளைக் காருக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்காமல் சாலையை விட்டுத் தள்ளி நிழலில் நிறுத்துங்கள்.

—

இரண்டாம் நாளுக்கு வருவோம். மதுரையிலிருந்து கன்னியாகுமரி 245 கி.மீ.தான். அவசரமே இல்லை, நிறுத்தங்களைப் பிள்ளைகளுக்காகவே வைக்கலாம். கயத்தாறில் கட்டபொம்மன் நினைவிடம் இருக்கிறது. 1799இல் அவரைத் தூக்கிலிட்ட ஊர். அரை மணி நேரம் காலாற நடக்க நல்ல இடம். சுற்றியுள்ள காற்றாலைகளை எண்ணச் சொன்னால் அடுத்த அரை மணி நேரமும் ஓடிவிடும்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் வாங்காமல் யாரும் தாண்டுவதில்லை. வாங்குங்கள், ஆனால் நாலைந்து வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஓடுகிற காரில் கொடுக்காதீர்கள். கடலை தொண்டையில் அடைத்தால் பின்சீட்டில் கவனிக்க நேரமாகும். நெல்லை அல்வா திரும்பி வரும்போது போதும். போகும்போது ஊருக்குள் நுழைந்தால் ஒரு மணி நேரம் காணாமல் போகும்.

ஒரு எச்சரிக்கை: விவேகானந்தர் பாறைக்குப் படகு மாலை நாலு மணியோடு முடியும். மூன்று மணிக்குப் போய் வரிசையில் நின்று பிள்ளைகளை ஏமாற்றாதீர்கள். அன்று சூரிய அஸ்தமனம் மட்டும். படகை மறுநாள் காலை எட்டு மணிக்கு வைத்துக்கொண்டால் வெயில் ஏறுமுன் பாறை, கண்ணாடிப் பாலம், வள்ளுவர் சிலை மூன்றையும் பார்க்கலாம். ஆனி, ஆடி மாதக் காற்றில் படகையே நிறுத்திவிடுவதும் உண்டு, அதனால் லாட்ஜில் விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.