மாயக் கதையில் உங்களைப் பிடித்து நிறுத்தியது ஆளா, உலகமா?

குழாயடி:
விவாதம் வேண்டாம், அவரவருக்கு நடந்ததைச் சொல்லுங்கள். "எவ்வளவு மாயாஜாலம் இருந்தாலும் நம்மைப் போல ஒரு ஆள் உள்ளே இருந்தால்தான் மனசு ஒட்டும்" என்று எங்கள் வாசகர் கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை, காரணம் என் அத்தான். பிளம்பிங் காண்ட்ராக்ட் எடுப்பவர், கதைப் புத்தகம் பக்கமே வராதவர். கரண்ட் போன ஒரு ராத்திரி மொட்டை மாடியில் இத்தாலிய எழுத்தாளர் கால்வினோவின் 'புலப்படாத நகரங்கள்' புத்தகத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், 1972இல் வந்ததே, மார்க்கோ போலோ குப்ளாய் கானிடம் ஊர் ஊராக விவரிப்பாரே, அது. அர்மில்லா என்ற நகரம். சுவர், கூரை, தளம் எதுவும் கிடையாது. வீடு இருக்க வேண்டிய இடத்தில் தண்ணீர்க் குழாய்கள் மட்டும் செங்குத்தாக ஏறி, மாடி இருக்க வேண்டிய இடத்தில் பக்கவாட்டில் பிரிந்து, முனையில் ஷவரும் டேப்புமாக வெட்டவெளியில் நிற்கும். அத்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "சுவரே இல்லாம எதுல கிளாம்ப் அடிச்சிருப்பான்? டேங்க் எங்க?" பேசப் பேச அவர் கை காற்றிலேயே எல்போ, டீ என்று குழாய் இணைப்புகளை மாட்டிக்கொண்டிருந்தது. அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், என்ன ஆனார்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தக் கையைப் பார்த்த பிறகு, ஆள் இல்லாவிட்டால் ஒட்டாது என்று யார் சொன்னாலும் என்னால் ஏற்க முடியவில்லை.

மருந்துப்பை:
உங்கள் அத்தான் பிளம்பர், அதனால் ஒட்டியது. அர்மில்லாவில் ஆள் இல்லை என்கிறீர்கள், அவரே உள்ளே போய் ஆளாகிவிட்டாரே!

நான் மெடிக்கல் ரெப். விழுப்புரத்தில் ஒரு லாட்ஜில் காய்ச்சலோடு படுத்துக்கொண்டு காஃப்காவின் 'உருமாற்றம்' படித்தேன். அதன் நாயகன் ஊர் ஊராகப் போகும் சேல்ஸ்மேன், அவன் பூச்சியானது முதல் வரியிலேயே வந்துவிடுகிறது, அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அப்படிக் கிடந்துகொண்டு அவன் எதை நினைக்கிறான்? மணி ஆறரை, ஐந்து மணி ரயில் போய்விட்டது, ஏழு மணி வண்டியையாவது பிடிக்க வேண்டும், சாம்பிள்களை இன்னும் எடுத்து வைக்கவில்லை. உடம்பு சரியில்லை என்று சொன்னால் முதலாளி டாக்டரோடு வந்து நிற்பாரே என்று வேறு பயம். அந்த சாம்பிள் வரியில் புத்தகத்தை மூடிவிட்டேன், என் பையும் கட்டிலடியில் அப்படியேதான் கிடந்தது. 1915இல் வெளியான கதை, எவனோ என் போனை எட்டிப் பார்த்து எழுதியது போல இருந்தது. மேனேஜர் "எந்த ஏரியாவில் இருக்கீங்க, லொக்கேஷன் போடுங்க" என்று அப்போதுதான் மெசேஜ் அனுப்பியிருந்தார். அத்தனை கால்கள் முளைத்ததை நான் நம்பியது அந்த சாம்பிள்களால்தான், அது இல்லாவிட்டால் வெறும் பூச்சிக் கதை.

அஞ்சாம்கிளாஸ்மிஸ்:
ரெப் சார், நீங்கள் சொல்வது உங்களுக்குச் சரி, எல்லோருக்கும் இல்லை. வேதாளம் சொல்லும் தலை மாறிய கதையை வகுப்பில் சொன்னேன். கோயிலில் ஒரு பெண்ணின் புருஷனும் இன்னொருவனும் தலையை வெட்டிக்கொள்வார்கள், அம்மன் வரம் தருவாள், அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுவாள், உங்களுக்குத் தெரியும். தலைதான் பிரதானம், புருஷன் தலை எதில் இருக்கிறதோ அவனே புருஷன் என்று விக்கிரமாதித்தன் சொன்னதும் பையன்கள் இரண்டு கட்சியாகக் கத்த ஆரம்பித்தார்கள். அந்தச் சத்தத்துக்குள், வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை ஒருத்தி எழுந்து, "அந்த அக்காவை யாருமே கேக்கலையா மிஸ்?" என்றாள். என்ன பதில் சொல்வது என்று இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறேன். நான் சொன்ன கதையில் அந்தப் பெண்ணுக்கு சுபாவம் என்று எதுவும் கிடையாது. அழுவாள், ஒட்டுவாள், அவ்வளவுதான். கதை தந்தது ஒரு சிக்கலை மட்டும்.

பழையபேட்டை:
டீச்சர், சுபாவம் எழுதவில்லை என்பதால் ஆள் இல்லை என்று ஆகாது. பதறுகிறாளே, அது போதும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையை வாசித்துக் காட்டினேன், காலணாக் கணக்கு வரும் இடத்தில் சிரித்தார், அதற்கு முன் பல நாள் அவர் சிரித்து நான் பார்க்கவில்லை.

சரி, எழுத நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். 1943இல் அந்தக் கதையில் புதுமைப்பித்தன் என்ன செய்தார் பாருங்கள். கடவுளை முதலில் கொண்டுவரவில்லை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேரும் முனையில் பிள்ளையவர்களை நிறுத்தி, டிராமில் போனால் வெற்றிலை, பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிப் போனால் அரைக் கப் காப்பி, எது வேண்டும் என்று கணக்குப் போட வைத்தார். அப்புறம்தான் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். வந்த கடவுளிடமும் பிள்ளை மோட்சம் கேட்பதில்லை, தன் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தா வாங்குகிறார். இப்போது எழுதுகிறவர்கள் டிராகனின் செதிலைப் பத்துப் பக்கம் வர்ணிக்கிறார்கள். அந்த ஊரில் சோறு என்ன விலை, யார் யாருக்குக் கடன், ராத்திரி எவன் காவல் காக்கிறான், இதை முதலில் முடிவு செய்யுங்கள். கதாபாத்திரம் நல்லவனாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, கையில் இருக்கும் காசு போதாமல் இருக்க வேண்டும். குழாயடி, உங்கள் அத்தானுக்கு முழுப் புத்தகம் கொடுக்காதீர்கள், ஒவ்வொரு நகரமாக வாசித்துக் காட்டுங்கள். டீச்சர், அடுத்த முறை ராஜாவின் பதிலைச் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், பிள்ளைகளே பேசட்டும்.

அஞ்சாம்கிளாஸ்மிஸ்:
அது எப்படி சார் முடியும்? ராஜா வாய் திறந்தால்தானே வேதாளம் திரும்ப முருங்கை மரம் ஏறும்? நிறுத்தினால் அடுத்த கதை ஏது என்று முதல் பெஞ்சே என்னைக் கேட்கும்.