தெலுக் இந்தான் எஸ்டேட் சாலையோரம்: காகிதப்பூவா, எட்டு மணிப் பூவா?

செம்பனைக்காடு: டவுனிலிருந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குப் போகும் சாலையோரம் கோத்தோங் ரோயோங்கில், அதாவது ஊர்கூடிச் செய்யும் பொதுவேலையில், காகிதப்பூ நடப்போகிறார்களாம். எனக்கு உடன்பாடில்லை. அங்கே டர்னேராதான் வேண்டும், எட்டு மணிக்கு விரியுமே, அது. உலாட் புங்குஸ், அதாவது பை கட்டிக்கொண்டு செம்பனையில் வாழும் புழு, சுரண்டிய ஓலை காய்ந்துபோகிறது, மகசூல் இறங்குகிறது. அந்தப் புழுவில் முட்டையிடும் குட்டிக் குளவிகளுக்கு வளர்ந்தபின் தேன்தான் ஆகாரம். டர்னேராவுக்குப் பூவில் மட்டுமல்ல, இலையும் காம்பும் சேரும் இடத்திலும் இரண்டு தேன் சுரப்பிகள் உண்டு. காகிதப்பூவில் நிறமாகத் தெரிவது பூவடிச் செதில். நிஜப்பூ உள்ளே ஒடுங்கிய குழாய், குளவியின் குட்டை வாய்க்கு எட்டாது.

வேலிக்கொடி: அண்ணே, புழு பெருகிய பிறகு பூ நட்டு என்ன பயன்? டர்னேரா மதியத்துக்குள் மூடிக்கொள்ளும். விதையோடு ஒட்டிய சதைக்காக எறும்பு இழுத்துப்போய் லோங்காங் (சாக்கடை) வெடிப்பிலெல்லாம் முளைக்கும். கடைவீதிக்கு நாள் முழுக்க நிறம் வேண்டாமா?

செம்பனைக்காடு: பூ மருந்தல்ல தம்பி, முன்னேற்பாடு. பெருகிவிட்டால் பி.டி. (Bt) என்ற பாக்டீரியாவால் ஆன புழு மருந்தை அடிக்கட்டும், அதுவும் புழு சின்னதாக இருக்கும்போதே. அது குளவியை விட்டுவைக்கும். 1981இல் செம்பனையின் மகரந்தச் சேர்க்கைக்காகக் கொண்டுவந்த கூன்வண்டையும் விட்டுவைக்கும். சைபர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லியை அடித்தால் இரண்டும் போச்சு. பூ மூடினாலும் காம்புச் சுரப்பிக்கு அந்த நேரக் கணக்கு இல்லை.

இன்னொன்று, காகிதப்பூ பூக்க வேர் காய வேண்டும். இங்கே பெய்கிற மழைக்குத் தரையில் நட்டால் இலையும் முள்ளும்தான். தொட்டியில் வைத்து, இலை லேசாகத் துவளும்வரை தண்ணீரை நிறுத்தினால் பூக்கும்.

மண்வெட்டி: கொடி ரோஜாவை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதிலும் குளவி, தேனீ மொய்க்கும்.

செம்பனைக்காடு: கம்பிவேலி இருந்தால் மட்டும். இல்லாவிட்டால் மரத்தில் ஏறி மூடிவிடும். வெட்டினாலும் கிழங்கிலிருந்து திரும்ப வரும். டர்னேரா சுலபம்: 15 செ.மீ. தண்டு, கீழிலையைக் கிள்ளிவிட்டு ஒரு பாலிபேக்கில் இரண்டு, நிழலில் மூன்று நான்கு வாரம். வேர் பிடித்ததும் வெயிலில் ஒரு மீட்டர் இடைவெளி. முதிர்ந்த செம்பனை நிழலில் பூக்காது. செடி செத்தால் பக்கத்தில் அடித்த களைக்கொல்லியின் சாரல் காரணமாக இருக்கலாம்.

வேலிக்கொடி: சரி, தோட்ட எல்லையில் டர்னேரா. லோங்காங்கிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நடுங்கள். கடைப்பக்கம் தொட்டியில் காகிதப்பூ, அதை விடமாட்டேன். ஆனால் டர்னேரா குச்சி குச்சியாக நீண்டு அடியில் மொட்டையாகுமே, முட்டியளவுக்கு யார் வெட்டுவது? ஒரேயடியாக வெட்டினால் உங்கள் குளவிக்குச் சோறு எங்கே?

செம்பனைக்காடு: ஒரு பக்கத்தை வெட்டு. அது திரும்பப் பூத்தபின் மறுபக்கம்.