சென்னையின் மக்கள்தொகை 46 லட்சமா, 67 லட்சமா, ஒரு கோடிக்கு மேலா? ஒரு குடும்பத்துக்கு எத்தனை பேர் என்று கொள்வது?

அம்பத்தூர்வாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பகுதிக் குடியிருப்போர் நலச் சங்கத்தின் சார்பில், குடிநீர் இணைப்பும் பாதாளச் சாக்கடையும் போதுமான அளவில் இல்லை என்பதை எடுத்துக்காட்டி மாநகராட்சிக்கு ஒரு மனு தயாரித்து வருகிறோம். அதில் மக்கள்தொகை, குடும்பங்களின் எண்ணிக்கை, ஒரு குடும்பத்தின் சராசரி அளவு ஆகிய மூன்றையும் குறிப்பிட வேண்டும். தேடிப் பார்த்ததில், 2011 கணக்கெடுப்பின்படி சென்னையின் மக்கள்தொகை ஓரிடத்தில் 46 லட்சம் என்றும், இன்னோரிடத்தில் 67 லட்சம் என்றும், வேறோரிடத்தில் 86 லட்சம் என்றும் கிடைக்கிறது. அண்மைய கட்டுரைகள் பலவும் ஒரு கோடியே பத்து லட்சம் என்று எழுதுகின்றன. ஒரே ஊருக்கு, அதுவும் ஒரே ஆண்டுக்கு, மூன்று எண்கள் எப்படி இருக்க முடியும்? குடும்பத்துக்கு நான்கு பேர் என்று கொண்டு கணக்குப் போடலாம் என்கிறார் எங்கள் செயலாளர். எங்கள் தெருவிலோ, இருவர் மட்டுமே வசிக்கும் வீடுகளும் உண்டு, ஒரே காம்பவுண்டுக்குள் ஐந்து போர்ஷன்கள் உள்ள வீடுகளும் உண்டு. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

வரைபடப் பித்தன்:

நீங்கள் குறிப்பிடும் மூன்று எண்களும் சரியானவைதான். எல்லைக் கோடுதான் வேறு வேறு.

2011 பிப்ரவரியில் கணக்கெடுத்தபோது சென்னை மாநகராட்சியும் சென்னை மாவட்டமும் ஏறத்தாழ ஒரே நிலப்பரப்பு, அதாவது 174 சதுர கிலோமீட்டர். அதற்குள் வசித்தவர்கள் 46,46,732 பேர். அதே ஆண்டு அக்டோபரில், அம்பத்தூர், ஆலந்தூர், மாதவரம், திருவொற்றியூர் உள்ளிட்ட 9 நகராட்சிகளையும் 8 பேரூராட்சிகளையும் 25 ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு மாநகராட்சி 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 155 வார்டுகள் 200 ஆயின. அதே 2011 கணக்கெடுப்பின் எண்களை இந்தப் புதிய எல்லைக்குள் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 67 லட்சம் வருகிறது. மாநகராட்சி எல்லைக்கு வெளியிலும் தொடர்ச்சியாகக் கட்டடங்கள் நெருங்கியிருக்கும் ஆவடி, தாம்பரம் போன்ற ஊர்களையும் சேர்த்துக் கணக்கெடுப்புத் துறை வகுத்த பெருநகரத் தொகுப்பின் எண்ணிக்கைதான் 86.5 லட்சம். ஒரு கோடியே பத்து லட்சம் என்பது யாரும் வீடு வீடாகச் சென்று எண்ணியது அன்று. அந்தப் பெருநகரத் தொகுப்பின் பழைய வளர்ச்சி வேகத்தை நீட்டி, 2020 ஆம் ஆண்டுக்கென ஐக்கிய நாடுகள் சபை வெளியிட்ட மதிப்பீடு அது.

உங்கள் பகுதிக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. கணக்கெடுப்பு நடந்த நாளில் அம்பத்தூர் திருவள்ளூர் மாவட்டத்தைச் சேர்ந்த தனி நகராட்சி. ஆகவே 2011 அறிக்கையில் சென்னை மாவட்டத்தின் பக்கங்களில் எவ்வளவு தேடினாலும் அம்பத்தூர் கிடைக்காது. திருவள்ளூர் மாவட்டத்தின் பக்கங்களில்தான் இருக்கும். அன்றைய அம்பத்தூர் நகராட்சியின் மக்கள்தொகை 4,66,205.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சென்னை வேகமாக வளர்கிறது என்று எல்லோரும் சொல்கிறோம், ஆனால் பழைய 174 சதுர கிலோமீட்டருக்குள் 2001 முதல் 2011 வரை வளர்ச்சி வெறும் 7 சதவீதம்தான். அதே பத்தாண்டுகளில் காஞ்சிபுரம் மாவட்டம் ஏறத்தாழ 39 சதவீதமும் திருவள்ளூர் மாவட்டம் 35 சதவீதமும் வளர்ந்தன. 2001 இல் மூன்று லட்சத்தை ஒட்டியிருந்த அம்பத்தூர் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. ஜார்ஜ் டவுனில் வீடு கடையாகிறது, கடைக்குப் பின்னால் இருந்த கூடம் சரக்குக் கிடங்காகிறது, அங்கிருந்த குடும்பம் புறநகருக்குப் போய்விடுகிறது. எனவே நகரம் முழுவதற்குமான வளர்ச்சி விகிதத்தை எடுத்து அம்பத்தூருக்குப் பொருத்தினால், உங்கள் தேவையை நீங்களே குறைத்துக் காட்டியதாக ஆகிவிடும்.

மக்கள் நெருக்கத்திலும் இதே கோளாறு உண்டு. பழைய எல்லைக்குள் சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 26,500 பேர். புதிய எல்லையில் அது ஏறத்தாழ 15,700 ஆகிவிடுகிறது. நெரிசல் குறைந்துவிட்டது என்று இதை வைத்துப் பேசியவர்களை நானே கேட்டிருக்கிறேன்!

ஆசிரியை (ஓய்வு):

எண்களைப் பற்றி மேலே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். குடும்பம் என்று கணக்கெடுப்பு எதைக் கொள்கிறது என்பதை, 2010 வீட்டுப் பட்டியல் பணியிலும் 2011 தலை எண்ணிக்கைப் பணியிலும் இருந்தவள் என்ற முறையில் நான் சொல்கிறேன்.

எங்களுக்குக் கொடுத்த பயிற்சியில் வலியுறுத்திச் சொன்னது ஒன்றுதான்: உறவு முறையைப் பார்க்காதீர்கள், அடுப்பைப் பாருங்கள். வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலறையில் சமைத்ததை உண்பவர்கள் ஒரு குடும்பம். அவர்கள் இரத்த உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அதே வேளையில், ஒரே கூரையின் கீழ் அண்ணனும் தம்பியும் இருந்தாலும், மாடியில் ஒரு சமையல், கீழே ஒரு சமையல் என்றால் அது இரண்டு குடும்பம். மாமியார் பக்கத்தில் நின்று “எல்லாம் ஒண்ணுதாங்க” என்று சொல்லும்போது, மருமகள் தனி அடுப்பு இருப்பதைச் சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கிய வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் எழுதுகோலைச் சற்றுக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிப்பதே வழி. உள்ளே எத்தனை சமையல் நடக்கிறது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

இந்த வரையறையால் வியப்பான முடிவுகளும் வரும். நான்கு இளைஞர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துச் சேர்ந்து சமைத்தால் அது நால்வர் அடங்கிய ஒரு குடும்பம். அதே நால்வரும் சமைக்காமல் ஆளுக்கொரு மெஸ்ஸில் சாப்பிட்டால், விதிப்படி அவர்கள் நான்கு தனித்தனிக் குடும்பங்கள். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் அறை எடுத்துத் தங்குகிறவர்கள் இந்த இரண்டாம் வகையில் வருவார்கள். பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய மகளிர் விடுதிகளில், விடுதியே உணவு கொடுக்கிறது என்றால், அங்கிருக்கும் அத்தனை பேரும் சேர்ந்து நிறுவனக் குடும்பம் என்ற ஒரே வரியில் அடங்கிவிடுவார்கள். வீடற்றவர்களை 2011 பிப்ரவரி 28 அன்று இரவு ஒரே வேளையில் தனியாக எண்ணினோம்.

ஆகவே சராசரி என்று ஓர் எண்ணைச் சொல்லும்போது, அதற்குள் மேன்ஷன் அறையில் இருக்கும் ஒற்றை ஆளும் இருக்கிறார், ஒன்பது பேர் ஒரே அறையில் உறங்கும் குடும்பமும் இருக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். வீட்டுப் பட்டியல் படிவத்தில் ஆட்களின் எண்ணிக்கையோடு, அறைகள் எத்தனை, மணமான தம்பதியர் எத்தனை என்றும் கேட்டோம். உங்கள் மனுவுக்குச் சராசரியைவிட அந்த இரண்டு கேள்விகளுக்கான விடைகளே அதிகம் பயன்படும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஓர் அறை வீட்டில் இரண்டு தம்பதியர் இருக்கிறார்கள் என்றால், அது வரப்போகும் இன்னொரு வீட்டுக்கான தேவை.

அம்பத்தூர்வாசி:

மிக்க நன்றி அம்மா. இருவர் சொன்னதும் பெரிதும் தெளிவளித்தது. ஒரு துணைக் கேள்வி: கணக்கெடுப்பு பழையதாகிவிட்டதால், ரேஷன் அட்டைகளையோ மின் இணைப்புகளையோ எண்ணிக் குடும்பங்களின் எண்ணிக்கையைக் கணிக்கலாமா?

குடித்தனக் கணக்கன்:

எண்ணலாம், ஆனால் இரண்டுமே சரியான எண்ணைத் தராது. பெரும்பாலும் கூடுதலாகவும், சில இடங்களில் குறைவாகவும் காட்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு முழுவதும் 1.85 கோடிக் குடும்பங்கள் இருந்தன. இன்று புழக்கத்தில் உள்ள குடும்ப அட்டைகள் 2.2 கோடிக்கும் அதிகம். இடையில் குடும்பங்கள் பெருகியது உண்மை. ஆனால் அரிசியும் பொங்கல் பரிசும் அட்டைக்குத்தான் கிடைக்கும் என்பதால், மகனுக்குத் திருமணமானவுடன் அதே வீட்டிலேயே தனி அட்டைக்கு விண்ணப்பிப்பதும் உண்டு. சென்னையில் வசித்துக்கொண்டு ஊரிலேயே அட்டையை வைத்திருப்பவர்களும் ஏராளம். மின் இணைப்பின் கதையும் இதுதான். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது ஒவ்வோர் இணைப்புக்கும் பொருந்துவதால், ஒரே குடும்பம் மாடிக்கொரு மீட்டர் வைத்திருக்கும். மறுபக்கம், நீங்கள் சொன்ன ஐந்து போர்ஷன் காம்பவுண்டில் சப் மீட்டர் போட்டு உரிமையாளரே வசூலித்துக்கொண்டால், ஐந்து குடும்பங்களுக்கு மின் வாரியத்தின் கணக்கில் ஒரே ஓர் இணைப்புத்தான்.

செயலாளர் சொன்ன நான்கு பேர் என்ற சராசரி 2011 க்குப் பொருந்தும். பழைய சென்னை மாவட்டத்தில் ஏறத்தாழ 11.5 லட்சம் குடும்பங்கள், அதாவது குடும்பத்துக்கு நான்கு பேர். மாநிலச் சராசரியும் 3.9 தான். ஆனால் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரிக் குழந்தைகளின் எண்ணிக்கை, 2020 ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு ஆய்வின்படி 1.4 ஆகிவிட்டது. மணமானதும் தனிக்குடித்தனம் போவதும், பிள்ளைகள் வெளிநாட்டிலிருக்கப் பெற்றோர் இருவர் மட்டும் அடுக்ககத்தில் வசிப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டன. இந்தச் சராசரி இறங்குவதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. 67 லட்சம் பேரை நால்வராகப் பிரித்தால் சுமார் 16.7 லட்சம் குடும்பங்கள். மூன்றரைப் பேராகப் பிரித்தால் 19 லட்சத்துக்கு மேல். நகருக்குள் ஓர் ஆள்கூடப் புதிதாக வராமலேயே இரண்டு லட்சத்துக்கும் அதிகமான சமையலறைகளும் கழிப்பறைகளும் குடிநீர்க் குழாய்களும் கூடுதலாகத் தேவைப்படும். உங்கள் மனுவின் மையமாக இதையே வைக்கலாம் என்பது என் கருத்து.

வரைபடப் பித்தன் எல்லை மாற்றத்தைச் சொன்னார். மக்களும் எல்லையைத் தாண்டி மாற்றப்பட்டார்கள். 2011 இல் பழைய சென்னையின் மக்களில் ஏறத்தாழ 29 சதவீதத்தினர், அதாவது 13.4 லட்சம் பேர், குடிசைப் பகுதிகளில் இருந்தனர். நீர்க்கரைகளிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் 2000 முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் அனுப்பப்பட்டன. முதல் இரண்டும் 2011 விரிவாக்கத்தில் மாநகராட்சிக்குள் திரும்பி வந்தன. பெரும்பாக்கம் இன்றும் வெளியில்தான் இருக்கிறது. வார்டு வாரியாக ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிக்காமல், நகரில் ஏழ்மை குறைந்தது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

வரைபடப் பித்தன்:

முழுவதும் உடன்படுகிறேன். ஆனால் ஐ.நா. மதிப்பீட்டை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. தினமும் ஆவடியிலிருந்தும் தாம்பரத்திலிருந்தும் மின்சார ரயிலில் வந்து இறங்குகிறவர்களுக்கு மாநகராட்சி எல்லை ஒரு பொருட்டே அன்று. போக்குவரத்துக்கு அந்தப் பெரிய எண்தான் பொருத்தம். தண்ணீர் மனுவுக்கு வேண்டாம், அவ்வளவே.

குடித்தனக் கணக்கன்:

சரிதான். அம்பத்தூர்வாசி அவர்களுக்கு: 2021 இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்பு, 2027 மார்ச் 1 ஐ மக்கள்தொகையைக் கணக்கிடும் அடிப்படை நாளாகக் கொண்டுதான் நடைபெறவிருக்கிறது. அதன் முடிவுகளுக்காக மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். உங்கள் சங்கத்தின் தெருக்களை மட்டும் நீங்களே எண்ணிவிடுங்கள். கதவு எண், தனி அடுப்புகள், ஆட்கள், அறைகள், தம்பதியர், பூட்டிக் கிடக்கும் வீடுகள் என்று ஆறு பத்திகள் போதும். பெயரோ வருமானமோ கேட்க வேண்டாம், கேட்டால் கதவு திறக்காது. கிடைக்கும் தலைக் கணக்கை, நகர்ப்புறத்துக்கு வழக்கமாகக் கொள்ளப்படும் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டரால் பெருக்கிக் குடிநீர்த் தேவையைக் காட்டுங்கள். குழாய் இணைப்புகளையும் சாக்கடை இணைப்புகளையும் மட்டும் ஆட்களின் எண்ணிக்கையை வைத்துக் கேட்காமல் அடுப்புகளின் எண்ணிக்கையை வைத்துக் கேளுங்கள். மனுவின் முதல் பக்கத்திலேயே எந்த ஆண்டின் கணக்கு, எந்த எல்லைக்குள் எடுத்தது என்பதையும் எழுதிவிடுங்கள். பொறியாளர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.