பொருள்: ‘சீரோபுரொடெக்‌ஷன்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
நண்பர்களுக்கு வணக்கம். ஹெபடைடிஸ் பி பரிசோதனை முடிவை விளக்கும் துண்டறிக்கை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகவேண்டும். இந்த ஒரு சொல்தான் பாக்கி. கடைசித் தவணைத் தடுப்பூசி போட்டு ஒன்று முதல் இரண்டு மாதத்தில் சோதிக்கும்போது, மேற்பரப்பு எதிர்ப்பொருள் (வைரஸின் மேலுறையை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம்) இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லி பன்னாட்டு அலகு அல்லது அதற்கு மேல் இருந்தால் இச்சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். ‘ஊநீர்க்காப்பு’ (ஊநீர் – சீரம், இரத்தத்தின் தெளிநீர்) பொருந்துமா?

தமிழாசிரியர் எழுதியது:
ஊன் + நீர் ‘ஊனீர்’ என்றுதான் புணரும். ன் முன் வரும் ந திரியும்; தனிக்குறிலைச் சாராத ன் கெடும். ‘ஊநீர்’ பிழை.

அகராதித் தொகுப்பாளர் எழுதியது:
ஐயா, ‘ஊ’ என்பதே இறைச்சியைக் குறிக்கும் ஓரெழுத்தொருமொழி. நன்னூல் சொல்லும் நாற்பத்திரண்டில் அதுவும் ஒன்று. ஊ + நீர் இயல்பாகவே புணரும். ‘காப்பு’ இன்னும் அழகு: பிள்ளைத்தமிழின் முதற்பருவம் அது. இந்தத் தடுப்பூசியின் முதல் தவணையும் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடவேண்டியது!

மருத்துவர் எழுதியது:
புணர்ச்சி எப்படியும் இருக்கட்டும். அறிக்கையைக் கையில் வைத்திருப்பவருக்கு ‘ஊநீர்’ புரியாது, ‘சீரம்’ புரியும். அதைவிட ஆபத்து ‘நேர்மறை’. மேற்பரப்பு ஆன்டிஜென், அதாவது வைரஸின் மேலுறைப் புரதம், நேர்மறை என்றால் உடலில் வைரஸ் இருக்கிறது. மேற்பரப்பு எதிர்ப்பொருள் நேர்மறை என்றால் பெரும்பாலும் பாதுகாப்பு. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் நன்றாக இருப்பவர் அலறுவார், தொற்றுள்ளவர் நிம்மதியாகப் போய்விடுவார். ‘ஆன்டிஜென் உள்ளது’, ‘எதிர்ப்பொருள் உள்ளது’ என்றே எழுதுங்கள். நீங்கள் கேட்ட ‘சீரோபுரொடெக்‌ஷன்’ நிலைக்கு என் பரிந்துரை ‘காப்பளவு’.

ஆய்வக நுட்பர் எழுதியது:
‘காப்பளவு’ எண்ணை மட்டும் சொல்கிறது. காப்பு எங்கிருந்து வந்தது என்று சொல்லவில்லை. தடுப்பூசியில் மேற்பரப்பு ஆன்டிஜென் மட்டுமே உண்டு. அதனால் ஊசியால் காப்புப் பெற்றவரிடம் உட்கரு எதிர்ப்பொருள் (வைரஸின் உட்பகுதியை எதிர்ப்பது) இருக்காது. தொற்று வந்து குணமானவரிடம் இரண்டும் இருக்கும். அவருக்குப் பிற்காலத்தில் ரிட்டுக்ஸிமாப் போன்ற, நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுத்தால் வைரஸ் மீண்டும் கிளம்பலாம். இம்யூனோகுளோபுலின் (பிறர் இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள்) ஏற்றிக்கொண்டவரிடம் தெரிவதோ இரவல் எதிர்ப்பொருள், சில மாதத்தில் மறைந்துவிடும். மூவரையும் ‘காப்பளவு உள்ளது’ என்ற ஒரே வரியில் அடைக்கலாமா?

மருத்துவர் எழுதியது:
அடைக்கக்கூடாது. ‘ஊசிவழிக் காப்பு’, ‘தொற்றுவழிக் காப்பு’, ‘இரவல் காப்பு’ என்று அடைமொழி சேர்க்கலாம்.

ஈழத்து ஆசிரியர் எழுதியது:
எங்கள் பாடநூல்களில் ‘பிறபொருளெதிரி’. எந்தப் பொருளுக்கு எதிரி என்பது அதிலேயே தெளிவு. ‘எதிர்ப்பொருள்’ சொல்லுக்கு எதிர்ச்சொல் போல ஒலிக்கிறது. ஆன்டிஜெனுக்கும் ‘பிறபொருளெதிரியாக்கி’ இருக்க, எழுத்துப்பெயர்ப்பு எதற்கு?

மருத்துவர் எழுதியது:
ஐயா, சொல் தெளிவுதான். ஆனால் ‘எதிரி’க்கும் ‘எதிரியாக்கி’க்கும் இடையே மூன்றெழுத்துத்தான் வேறுபாடு. அவசரத்தில் வாசிப்பவர் மாற்றிப் படித்தால் முடிவே தலைகீழாகிவிடும்.

தமிழாசிரியர் எழுதியது:
‘ஊ’வை ஏற்கிறேன். ‘காப்பளவு’க்குத்தான் மறுப்பு. ஆண்டுகள் கழித்து எண் 10க்குக் கீழே இறங்கியவர் காப்பே போயிற்று என்று எண்ணமாட்டாரா?

ஆய்வக நுட்பர் எழுதியது:
எண்ணுவார், அதுதான் சிக்கல். முழுத் தவணையும் முடித்து ஒருமுறை 10ஐ எட்டிய நலமான உடலில் எண் குறைந்தாலும் வைரஸை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்கள் நிற்கும். ஊக்கத் தவணை வேண்டாம். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு அப்படியில்லை: ஆண்டுதோறும் பார்த்து, 10க்குக் கீழே போனால் ஊசி போடவேண்டும். முதல் சுற்றிலேயே எட்டாதவருக்கு இரண்டாம் சுற்று. அதிலும் எட்டாவிட்டால் மேற்பரப்பு ஆன்டிஜென் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஏற்கெனவே தொற்றே இருக்கலாம். ஆகவே ‘எட்டிய காப்பளவு’ என்று போடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் எழுதியது:
நன்றி. ‘காப்பளவு’ போகிறது, கீழே டயாலிசிஸ் வரியும் நினைவணு வரியும் அடிக்குறிப்பாக. ‘எட்டிய’ கட்டத்தில் அடங்கவில்லை. ‘எதிர்ப்பொருள்’ இப்போதைக்கு.

ஈழத்து ஆசிரியர் எழுதியது:
என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். அடுத்த பதிப்புக்கு முன் மீண்டும் எழுதுவேன்.