எக்ஸ்காலிட்ராவில் மாணவர்கள் வரைந்த மின்சுற்றுகள் மறுநாள் காணாமல் போகின்றன: உதவி தேவை

கேள்வி:
வணக்கம். நான் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் நடத்துகிறேன். மின்சுற்றுப் படங்களைக் கரும்பலகையைப் பார்த்து அப்படியே எழுதிக்கொள்வதைவிடப் பிழையாக வரைந்து தாங்களே திருத்திப் பழகட்டும் என்று, கணக்குத் தொடங்கத் தேவையில்லாத, உலாவியிலேயே படம் வரையும் பலகையான எக்ஸ்காலிட்ராவைக் கணினி ஆய்வகத்தில் பயன்படுத்தத் தொடங்கினேன். செவ்வாயன்று ஒரு குழு வோல்ட்மீட்டரை மின்விளக்கோடு தொடரிணைப்பில் வரைந்துவிட்டு, நெடுநேரம் வாதாடிப் பின் பக்க இணைப்புக்கு மாற்றியது. மறுநாள் அதே கணினியில் திறந்தால் பலகை வெறுமையாக இருந்தது. பத்துக் கணினிகளிலும் இதே நிலைதான்.

எல்லாரும் ஒரே பலகையில் வரையட்டும் என்று நேரலைப் பகிர்வு இணைப்பைக் கரும்பலகையில் எழுதிப் போட்டும் பார்த்தேன். சாவி செல்லாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கை வந்ததே தவிர, ஒருவராலும் உள்ளே நுழைய முடியவில்லை.

பதில் 1:
மேடம், முதலில் ஒன்றைச் சொல்லுங்கள்: ஆய்வகக் கணினிகளை அணைத்துத் திறந்தால், டெஸ்க்டாப்பில் நேற்று வைத்த கோப்பு இருக்கிறதா?

கேட்டவர்:
இல்லை சார். டி டிரைவில் வைத்தவை மட்டுமே இருக்கின்றன.

பதில் 1:
அப்படியானால் காரணம் அதுதான். கணக்குத் தொடங்காமல் வரையும்போது எக்ஸ்காலிட்ரா படத்தை அந்தக் கணினியின் உலாவிச் சேமிப்பகத்தில்தான் வைத்திருக்கும். உங்கள் ஆய்வகத்தில் ஒவ்வொரு முறை அணைத்துத் திறக்கும்போதும் சி டிரைவைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் மென்பொருளை நிறுவியிருக்கிறார்கள் போலும்; உலாவிச் சேமிப்பும் அதோடு போய்விடுகிறது. மறைநிலைச் (இன்காக்னிட்டோ) சாளரத்தில் வரைந்தாலும் இதே கதைதான். வகுப்பு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது மாணவர்களைக் கண்ட்ரோல், எஸ் விசைகளைச் சேர்த்து அழுத்தச் சொல்லி, குழுவின் பெயரிட்டு டி டிரைவில் சேமிக்க வையுங்கள். மறுநாள் அந்தக் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு கோட்டையும் தனித்தனியாக நகர்த்தித் திருத்தலாம். பிஎன்ஜி படமாக ஏற்றுமதி செய்வதானால், வரைபடத்தையும் உள்ளே பொதிந்து வைக்கும் தெரிவை இயக்கிக்கொள்ளுங்கள். இல்லையேல் அது திருத்த முடியாத வெறும் படமாகிவிடும்.

பதில் 2:
இணைப்பைக் கையால் எழுதிப் போடுவது நடவாத காரியம். அதில் ஹேஷ் (#) குறிக்குப் பின் அறையின், அதாவது அந்தப் பொதுப் பலகையின், அடையாளமும், காற்புள்ளிக்குப் பின் 22 எழுத்துகள் கொண்ட மறையாக்கச் சாவியும் (படத்தைப் பூட்டித் திறக்கும் சாவி) இருக்கும். ஹேஷ் குறிக்குப் பின்னுள்ள பகுதியை உலாவி வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புவதில்லை என்பதால், சாவி இணைப்பை வைத்திருப்பவரிடம் மட்டுமே இருக்கும். அதில் ஓர் எழுத்து பிசகினாலும் சரிசெய்து தர ஆளில்லை. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் அதில் வெவ்வேறு. ஆய்வக வலையமைப்பில் பொதுக் கோப்புறை இருந்தால், இணைப்பை ஓர் உரைக் கோப்பில் ஒட்டி அங்கே வைத்துவிடுங்கள்.

ஆனால் பத்துக் குழுவையும் ஒரே பலகையில் விடுவதை நான் விரும்பமாட்டேன். அறைக்குள் வந்த எவரும் எதையும் அழிக்கலாம், விளையாட்டுக்கு ஒருவன் அழித்தால் போதும். இப்பாடத்துக்கு குழுவுக்கொரு பலகையே நல்லது.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. இன்று டி டிரைவில் சேமித்து, கணினியை அணைத்துத் திறந்து பார்த்தோம்; வோல்ட்மீட்டர் பக்க இணைப்பிலேயே இருந்தது. கரும்பலகையில் நான் எழுதிய இணைப்பை இன்னும் அழிக்காமல் வைத்திருந்ததால் எண்ணிப் பார்த்தேன். காற்புள்ளிக்குப் பின் 21 எழுத்துகளே இருந்தன.