படுத்திருக்கும் அரசரின் அங்கி ஏன் காலை நோக்கி விழுகிறது? (சென் தெனி பேராலயக் கல்லறைகள்)

தையல்மிஷின்:

வணக்கம். பாரிஸுக்கு வடக்கே இருக்கும் சென் தெனி பேராலயத்துக்குப் போன வாரம் போயிருந்தேன். பிரெஞ்சு அரசர்களும் அரசிகளும் 70-க்கு மேல் அங்கே கல்லில் படுத்திருக்கிறார்கள். எனக்கு வரலாறு அதிகம் தெரியாது. 22 வருஷமாகத் தையல் வேலை செய்கிறேன், அதனால் முகத்துக்கு முன்னால் துணிதான் கண்ணில் படும்.

குழப்பமே அங்கேதான். மல்லாந்து படுத்தால் துணி என்ன செய்யும்? வயிற்றின் மேல் தட்டையாக ஒட்டும், இரண்டு காலுக்கும் நடுவே பள்ளமாக இறங்கும், மீதி பக்கவாட்டில் சரிந்து தரையில் சேரும். இந்த அரசர்களின் அங்கியில் மடிப்புகள் இடுப்பிலிருந்து பாதம் வரை நேராக இறங்குகின்றன, கொடியில் தொங்கவிட்ட வேட்டி மாதிரி. பலர் ஒரு கையால் மேலங்கியின் கழுத்து நாடாவைப் பிடித்திருக்கிறார்கள். படுத்திருப்பவர் அதை எதற்குப் பிடிக்க வேண்டும்? கண்கள் வேறு திறந்திருக்கின்றன.

சிற்பிக்குத் தெரியவில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. துணியின் விளிம்பு மடங்கித் திரும்பும் இடங்களை அவ்வளவு சரியாகச் செதுக்கியிருக்கிறார்கள். துணியைத் தொட்டுப் பழகியவர்கள்தான் அப்படிச் செய்ய முடியும். அப்புறம், முகங்கள் ஏன் அண்ணன் தம்பிகள் மாதிரியே இருக்கின்றன? தெரிந்தவர்கள் விளக்குங்களேன்.

பழங்கல்:

அக்கா, உங்கள் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. கோயில் பாஷையில் சொன்னால் அது கிடந்த கோலமே இல்லை. நின்ற கோலத்தைச் செதுக்கிக் கிடத்தி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சிற்பிகள் பேராலய வாசல்களில் தூணோடு தூணாக நிற்கும் உருவங்களைச் செய்து பழகியவர்கள். கல்லறைக்கும் அதே கை, அதே உருவம். ஆண்களின் காலடியில் சிங்கமும் பெண்களின் காலடியில் நாயும் பல கல்லறைகளில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். பாதம் அதன்மேல் பதிந்திருப்பதைப் பார்த்தாலே நிற்கிறவர் என்று தெரிந்துவிடும். கண் திறந்திருப்பதும் இதோடு சேர்ந்ததுதான். காட்டியிருப்பது பிணத்தை அல்ல, கடைசித் தீர்ப்பு நாளில் எழப்போகிறவரை.

முகங்களுக்கு வருகிறேன். ஒன்பதாம் லூயியின் காலத்தில், 1263-64 வாக்கில், முந்தைய அரச குடும்பத்தாருக்காக 16 உருவங்களை ஒரே தொகுப்பாகச் செய்தார்கள். 14 மிஞ்சியிருக்கின்றன. அவர்களில் இரண்டாம் க்ளோவி இறந்து அப்போதே 600 வருஷம் ஆகிவிட்டது. முகம் யாருக்குத் தெரியும்? லூயிக்கு முக்கியமாகப் பட்டது வரிசைதான். ஒரு பக்கம் மெரோவிங்கியரும் கரோலிங்கியரும், எதிர்ப்பக்கம் தன்னுடைய கப்பேத்திய வம்சம், நடுவில் தாத்தா இரண்டாம் பிலிப்பும் அப்பா எட்டாம் லூயியும். மூன்று வம்சத்தின் உரிமையும் தங்களிடம் வந்து சேர்ந்துவிட்டது என்று அந்த அமைப்பே சொல்லிவிடும். சார்ல் மார்த்தெல் தலையில் கிரீடம் இருப்பதை அடுத்த முறை கவனியுங்கள். அவர் அரசராக முடிசூடவே இல்லை, 741-இல் இறந்துபோனார். 751-இல் அரசரானது அவர் மகன் பெப்பின். வரிசைக்குக் கிரீடம் தேவைப்பட்டது, கல்லில் வைத்துவிட்டார்கள். எனக்கு அந்தக் கூடத்திலேயே மிகவும் பிடித்த இடம் அது.

ஆளைப் பார்த்துச் செதுக்கிய முகம் வேண்டுமானால் ஐந்தாம் சார்லிடம் போங்கள். 1364-இல் பட்டத்துக்கு வந்த கையோடு ஆந்த்ரே போன்வெ என்ற சிற்பியிடம் தன் கல்லறை வேலையை ஒப்படைத்துவிட்டார். அப்போது அவருக்கு 26 வயது. இறந்தது 1380-இல். நீண்ட மூக்கும் அகன்ற முகமுமாக, தெருவில் எதிரே வந்தால் அடையாளம் கண்டுவிடலாம்.

வடக்குவாசல்:

ஒரு எச்சரிக்கை. பழங்கல் சொன்ன வரிசையை இன்று அங்கே தேடாதீர்கள். 1793-இல் புரட்சிக்காரர்கள் கல்லறைகளைத் திறந்து எலும்புகளைக் குழியில் கொட்டினார்கள். உலோகத்தில் இருந்தவை உருக்கப்பட்டன. கற்சிலைகளில் பெரும்பாலானவை அலெக்சாந்த்ர் லெனுவார் என்பவர் பாரிஸில் வைத்திருந்த அருங்காட்சியகத்துக்குப் போனதால் பிழைத்தன. 1816-இல் திரும்பி வந்தன. இப்போதைய அமைப்பு 19-ஆம் நூற்றாண்டினுடையது. வேறு தேவாலயங்களிலிருந்து வந்த சிலைகளும் இதில் கலந்திருக்கின்றன. கையில் தன் இதயத்தையே வைத்திருக்கும் சார்ல் த ஆன்ஜு (ஒன்பதாம் லூயியின் தம்பி) அப்படி வந்தவர். உடல் ஓரிடம், இதயம் ஓரிடம், குடல் ஓரிடம் என்று அரச குடும்பத்தில் தனித்தனியாக அடக்கம் செய்வது வழக்கமாக இருந்தது.

இன்னொன்று, இவை வெறும் வெள்ளைக் கல்லாக இருந்தவை அல்ல. அங்கிக்கும் முகத்துக்கும் வண்ணம் பூசியிருந்தார்கள்.

நீலமை:

தையல்காரரான உங்களுக்கு ஃப்ரெதெகோந்த் அரசியைச் சிபாரிசு செய்கிறேன். 597-இல் இறந்தவர், கல்லறைப் பலகை 12-ஆம் நூற்றாண்டில் செய்தது. புடைத்து நிற்கும் சிலை இல்லை, பலகையில் பதித்த வேலை. செம்புத் தகட்டின் மெல்லிய கோடுகள் அங்கியின் மடிப்பை வரைகின்றன, இடையிடையே பொடிப்பொடிக் கல் துண்டுகள். எம்ப்ராய்டரி மாதிரியே இருக்கும். முகமும் கைகளும் பாதமும் மட்டும் வழவழவென்று வெறுமையாக இருக்கின்றன. ஒரு காலத்தில் அங்கே வண்ணத்தில் தீட்டியிருக்க வேண்டும். வண்ணம் போய்விட்டது, ஆடை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

தையல்மிஷின்:

எல்லோருக்கும் மிகவும் நன்றி. சனிக்கிழமை மறுபடி போய் வந்தேன்.

போவதற்கு முன் வீட்டில் ஒன்று செய்து பார்த்தேன். அந்த மேலங்கி அரைவட்ட வெட்டு. பழைய கம்பளிப் போர்வை ஒன்றை அப்படி வெட்டி, கழுத்தில் நாடா தைத்து, போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்றேன். கம்பளி கனமாக இருப்பதால் இரண்டு நிமிஷத்தில் பின்பக்கம் இழுத்து, நாடா தொண்டையை அழுத்துகிறது. கை தானாக நாடாவுக்குள் விரலை விட்டுக் கீழே இழுக்கிறது. இழுத்தவுடன் தோளிலிருந்து மார்புக்குச் சாய்வாக மடிப்புகள் விழுகின்றன. பேராலயத்தில் போய்ப் பார்த்தால் கல்லிலும் அதே சாய்வு.

ஃப்ரெதெகோந்த் முன்னால் ரொம்ப நேரம் நின்றேன். நீலமை, ஒரு இடத்தில் கோடு வளைந்து திரும்பும்போது கல் துண்டுகளும் கூடவே சிறுத்துக்கொண்டே போகின்றன. அந்த வேலையைச் செய்தவருக்கு எவ்வளவு பொறுமை இருந்திருக்க வேண்டும்!

அரசர் பன்னிரண்டாம் லூயி, அவர் மனைவி ஆன் த ப்ரெத்தாஞ் இருவரின் கல்லறையையும் இந்த முறைதான் ஒழுங்காகப் பார்த்தேன். 1531-இல் முடிந்தது, நாம் பேசிக்கொண்டிருந்த காலத்துக்குப் பிந்தையது. மேலே இருவரும் முழு உடையில் மண்டியிட்டு ஜெபிக்கிறார்கள். கீழே அதே இருவர், கிட்டத்தட்ட அம்மணமாக, தலை பின்னால் சாய்ந்து, உண்மையாகவே செத்துக் கிடக்கிறார்கள். வயிற்றைத் திறந்து பதப்படுத்தி மூடிய தையலைக் கூடச் சிற்பி விடவில்லை. அங்கே மட்டும் நான் துணியைப் பார்க்கவில்லை. குனிந்து அந்தத் தையலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.