குழுவினர் மனநிறைவோடு வேலை செய்ய நான் என்ன செய்யலாம்?

அனைவருக்கும் வணக்கம். 14 பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பேற்று எட்டு மாதங்கள் ஆகின்றன. அதற்குள் மூன்று பேர் விலகிவிட்டார்கள். கடைசியாகப் போனவர் விடைபெறும்போது, "நான் செய்த வேலையை இங்கே யாரும் கவனித்ததாகவே தெரியவில்லை" என்றார். அந்தச் சொல் இன்னும் மனதை உறுத்துகிறது.

சம்பளத்தை உயர்த்தும் அதிகாரம் எனக்கு இல்லை. மேலிடமோ ஆண்டுக்கு ஒரு சுற்றுலா போதும் என்கிறது. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. சம்பளமும் பணிச்சூழலும் குறைந்தால் அதிருப்தி வரும், ஆனால் அவை சரியாக இருப்பதாலேயே நிறைவு வந்துவிடாது, அதற்கு அங்கீகாரமும் பொறுப்பும் வளர்ச்சியும் வேண்டும் என்று உளவியலாளர் ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் 1959-இலேயே எழுதினார். என் குழுவில் அதைக் கண்கூடாகப் பார்க்கிறேன்.

வேலை நேரம் முடிந்தபின் செய்தி அனுப்புவதை நிறுத்தினேன்; முகங்களில் உடனே தெளிவு தெரிந்தது. வாரம் ஒருமுறை ஒவ்வொருவரோடும் 20 நிமிடம் தனியாகப் பேசுகிறேன். அங்கேதான் தடுமாறுகிறேன். வேலைக் கணக்கை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறார்கள். குறையைச் சொன்னால் மதிப்பீட்டில் கைவைப்பேனோ என்ற பயம் போலும்.

அந்தப் பயத்தை நீங்கள் எப்படிப் போக்கினீர்கள்? ஒருவரைப் பாராட்டும்போது மற்றவர் வாடாமல் பார்த்துக்கொள்வது எப்படி? வேலை முறையை அவர்களே தீர்மானிக்க எந்த அளவுக்கு விட்டீர்கள்? ஊழியராக இருப்பவர்களும் சொல்லுங்கள்: உங்கள் மேலாளர் செய்த எந்தக் காரியம் உங்களை அங்கேயே இருக்க வைத்தது? பலிக்காமல் போன முயற்சிகளையும் எழுதுங்கள், மிகவும் உதவும்.